பழைய ஸ்டேக் ஹவுஸ்களுக்குள் கேமராவோடு போகும் தமிழ் யூடியூபர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகங்களைப் படமெடுத்து வீடியோ போடும் நண்பர்களுக்கு,

அமெரிக்காவில் குடும்பங்கள் கைமாற்றிக் கைமாற்றி நடத்திவரும் பழைய ஸ்டேக் ஹவுஸ்களை, அதாவது தடித்த மாட்டுக்கறித் துண்டை (ஸ்டேக்) வாட்டித் தரும் உணவகங்களை, தேடிப் போகிறீர்கள். போங்கள். ஆனால் அங்கிருந்து வந்து நீங்கள் தமிழில் சொல்கிற விஷயங்களில் பல தவறு, சில ஆபத்து. ‘நூறு வருஷமா ஒரே குடும்பம்’ என்று தொடங்குகிறீர்கள். ‘தட்டெல்லாம் ரத்தம்’ என்று நடுவில் முகம் சுளிக்கிறீர்கள். ‘இவ்வளவு காசுக்கு வெறும் உப்பு, மசாலாவே இல்லை, ஏமாத்து வேலை’ என்று முடிக்கிறீர்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறு, போகட்டும் என்றுதான் இருந்தோம். இப்போது ‘அதே ஸ்டேக்கை வீட்டு ஃப்ரிட்ஜில் 30 நாள் வைத்து நீங்களே செய்யலாம்’ என்று செய்முறை வீடியோக்களும் வரத் தொடங்கிவிட்டன. அதைப் பார்த்துவிட்டு, ஓரம் பச்சை பூத்த கறித்துண்டைப் படமெடுத்து ‘இதைச் சாப்பிடலாமா’ என்று எங்களிடம் கேட்கிறார்கள். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

நாங்கள் நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் கறிக்கடைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலை பார்ப்பவர்கள். எங்கள் சொந்தக் கதை இங்கே வேண்டாம். மாட்டுக்கறி சாப்பிடலாமா கூடாதா என்ற சண்டைக்கும் இந்த மடலில் இடமில்லை. நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்து ஆர்டரும் கொடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் அந்த ‘ஒரே குடும்பம்’. நீங்கள் அதிகம் படமெடுப்பது புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பீட்டர் லூகர். 1887-இல் தொடங்கிய கடை என்கிறீர்கள், சரி. தொடங்கியபோது அதன் பெயர் ‘கார்ல் லூகர்ஸ் கஃபே, பில்லியர்ட்ஸ் அண்ட் பௌலிங் ஆலி’. ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த பேட்டையில், சாப்பிடவும் பில்லியர்ட்ஸ் ஆடவும் பந்து உருட்டவும் ஆட்கள் கூடிய இடம். உருளைக்கிழங்கு வறுவலை இன்றும் ‘ஜெர்மன்’ என்ற அடைமொழியோடு அங்கே தருவதற்கும், இனிப்போடு ‘ஷ்லாக்’ என்று ஒரு குன்று கிரீம் வருவதற்கும் காரணம் அதுதான். நீங்கள் அந்தக் கிரீமைக் காட்டிச் சிரித்தீர்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. 1903-இல் பாலம் திறந்தது. மன்ஹாட்டனிலிருந்து ஆற்றைத் தாண்டி வருவது சுலபமாயிற்று.

கடையின் உரிமையாளர் பீட்டர் லூகர் 1941-இல் இறந்தார். கடை மகன் ஃபிரெடரிக் கைக்கு வந்தது, தேய்ந்தது, 1950-இல் ஏலத்துக்கு வந்தது. லூகர் குடும்பத்தின் கதை அங்கே முடிந்துவிட்டது. ஏலத்தில் எடுத்தவர் சால் ஃபார்மன். கடைக்கு எதிரிலேயே உலோகச் சாமான் ஆலை வைத்திருந்தவர், தன்னிடம் சரக்கெடுக்க வரும் வியாபாரிகளை அழைத்துக்கொண்டு போய்ப் பல காலம் அங்கே சாப்பிட்டவர். உணவகத் தொழில் தெரியாது. தான் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் மூடிப்போகக் கூடாது என்று வாங்கினார். ஆகவே இன்றைக்கு அதை நடத்துவது லூகர் பரம்பரை இல்லை, ஃபார்மன் பரம்பரை. கணக்குப் பார்த்தால் முக்கால் நூற்றாண்டு. அதுவே பெரிய விஷயம். அதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வரலாற்றில் நீங்கள் மொத்தமாக விட்டுவிட்ட ஆள் மார்ஷா ஃபார்மன், சாலின் மனைவி. கடை வாங்கிய பிறகு கறி யார் பார்த்து வாங்குவது என்ற கேள்வி வந்தது. அந்தப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். அரசு வேளாண் துறையில் மாட்டிறைச்சிக்குத் தர முத்திரை போட்டு ஓய்வுபெற்ற ஒருவரிடம் பாடம் கற்றார். ஆண்கள் மட்டுமே நடமாடிய மொத்த இறைச்சிச் சந்தைக் குளிர்கிடங்குகளில் ஏறி இறங்கித் தானே தேர்ந்தெடுத்தார். அவருக்குப் பின் மகள்கள், பிறகு பேத்தி என்று அந்த வேலை குடும்பத்துப் பெண்கள் கையிலேயே போனது. கடையின் சுவை உண்மையில் அடங்கியிருப்பது இந்தக் கொள்முதலில். பத்து நிமிட வீடியோவில் அதற்குப் பத்து வினாடியாவது கிடைத்திருக்க வேண்டும்.

அப்படி என்னதான் பார்ப்பார்கள்? அமெரிக்க வேளாண் துறை 1927 முதல் மாட்டிறைச்சிக்குத் தரம் பிரித்து முத்திரை போடுகிறது. பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று இறங்கிவரும். சுகாதாரச் சோதனை கட்டாயம். தர முத்திரை கட்டாயமில்லை, இறைச்சி நிறுவனம் காசு கட்டிப் போட்டுக்கொள்வது. 12-ஆவது, 13-ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டி, அந்த முகத்தில் கொழுப்பு எவ்வளவு நுணுக்கமாக ஊடுருவியிருக்கிறது என்பதைப் பார்ப்பார்கள். இதைத்தான் மார்பிளிங் என்பது. மாட்டின் வயதை எலும்பை வைத்துக் கணிப்பார்கள். முதுகெலும்பு முனைகளில் குருத்தெலும்பு வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் இளசு. அது இறுகி எலும்பாகிவிட்டால் கிழடு.

ஆனால் ‘பிரைம்’ என்ற ஒரு முத்திரைக்குள்ளேயே மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படியில் நிற்பதும் பிரைம்தான், மேல்படியில் நிற்பதும் பிரைம்தான். முத்திரையை நம்பி லாரியில் ஏற்றிக்கொள்ளும் கடைக்கும், ஒவ்வொரு முதுகுத்துண்டாகப் புரட்டிப் பார்த்து ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று ஒதுக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கொழுப்பு கெட்டியாக, வெண்மையாக இருக்க வேண்டும். மார்பிளிங் நூலாக ஓட வேண்டும், திட்டுத்திட்டாகக் கிடக்கக் கூடாது. திட்டுக் கொழுப்பு உருகாமல் வாயில் ரப்பராக நிற்கும். அடுத்த முறை கடைக்காரரைப் பேட்டி எடுக்கும்போது ‘கறி பிரைமா?’ என்று கேட்காதீர்கள். ‘பார்த்து ஒதுக்குவது யார், எந்தக் காரணத்துக்கு ஒதுக்குவார்கள்?’ என்று கேளுங்கள். சரக்கு தெரிந்த கடைக்காரர் அரை மணி நேரம் பேசுவார்.

மற்றக் கடைகளைப் பற்றிச் சுருக்கமாக. மன்ஹாட்டன் கீன்ஸ் 1885-இல் ஆல்பர்ட் கீன் தொடங்கியது. கூரையெல்லாம் தொங்கும் 50,000-க்கு மேற்பட்ட களிமண் புகைக்குழாய்களைப் படமெடுத்தீர்கள். அவை அலங்காரத்துக்கு வாங்கி மாட்டியவை இல்லை. எடுத்துப் போனால் உடைந்துவிடும் என்பதால் வாடிக்கையாளர்கள் கடையிலேயே விட்டுவைத்தவை. அந்தக் கடையும் 1970களின் இறுதியில் மூடும் நிலைக்குப் போய்க் கைமாறி, 1981-இல் மீண்டும் திறந்தது. அங்கேயும் ‘ஒரே குடும்பம்’ பொருந்தாது. சிகாகோவின் ஜீன் அண்ட் ஜார்ஜெட்டி 1941 முதல், டாம்பாவின் பெர்ன்ஸ் 1956 முதல், தொடங்கியவர்களின் குடும்பத்திடமே இருக்கின்றன. குடும்பப் பெருமை பேச ஆசையிருந்தால் அங்கே பேசுங்கள். பெர்ன்ஸில் ஒரு வசதியும் உண்டு. ஸ்டேக்கின் தடிமன், எடை, எந்தப் பதத்துக்கு எப்படி வரும் என்று மெனுவிலேயே அட்டவணையாக அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டால் சமையலறையையும் சுற்றிக் காட்டுவார்கள். வீடியோவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏனோ எல்லோரும் வாசலில் இருக்கும் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறீர்கள்.

புரூக்ளின் கேஜ் அண்ட் டோல்னரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘பழைய கட்டடம்னா அரசாங்கமே காப்பாத்திடும்’ என்று ஒரு வீடியோவில் கேட்டோம். 1879-இல் தொடங்கிய கடை. 1892-இல் ஃபுல்டன் தெருவுக்கு வந்தது. 1975-இல் நியூயார்க் நகரம் அதன் உட்புறத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கண்ணாடிகள், மர வளைவுகள், கேஸ் விளக்குகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. கடைக்கு? 2004-இல் மூடிவிட்டது. அதன் பிறகு அந்த அழகான அறையில் ஒரு சங்கிலி உணவகம், பிறகு ஒரு சாண்ட்விச் சங்கிலிக் கடை, நகை விற்பனை என்று என்னென்னவோ நடந்தது. 2021-இல்தான் புதியவர்கள் எடுத்து அதே பெயரில் உணவகமாகத் திறந்தார்கள். சட்டம் சுவரைக் காப்பாற்றும். அடுப்பையும் அடுப்படி ஆட்களையும் காப்பாற்றாது. வாடகை, வாரிசு, கொள்முதல் இந்த மூன்றில் எது சரிந்தாலும் கடை போய்விடும். தலைப்பிலேயே ‘பகல் கொள்ளை’ என்று போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இனி விலை. நீங்கள் காட்டும் பில்லில் பெரும்பாலும் ‘இரண்டு பேருக்கு’ என்ற போர்ட்டர்ஹவுஸ் வகை ஸ்டேக்தான் இருக்கிறது. ஒருவர் முன்னால் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு ‘ஒரு ஆள் சாப்பாடு’ என்கிறீர்கள். எலும்போடு ஒரு கிலோவை ஒட்டிய துண்டு அது, இரண்டு பேர் சாப்பிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் போவார்கள். போர்ட்டர்ஹவுஸ் என்பது சும்மா வைத்த பெயரும் இல்லை. ஆங்கில ‘T’ வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப் என்ற முதுகுக் கறி, மறுபக்கம் ஃபில்லே என்ற மிருதுவான உள்கறி. ஃபில்லே பக்கத்தின் அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று விற்கலாம். அரை அங்குலம் இருந்தால் டி-போன். ஒரு முதுகுத்துண்டின் பின்முனையில் சில போர்ட்டர்ஹவுஸ்கள்தான் தேறும். முன்னால் நகர நகர ஃபில்லே சிறுத்துக்கொண்டே போகும்.

அதற்கு மேல் டிரை ஏஜிங். கறியை எலும்போடும் கொழுப்புப் போர்வையோடும் முழுத் துண்டாக, உறையாமல், 1 முதல் 3 டிகிரி செல்சியஸில், 80 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில், காற்று ஓடும் அறையில் மூன்று நான்கு வாரம் வைப்பது. உப்புக்கண்டம் மாதிரி என்று ஒருவர் விளக்கினார். இல்லை. உப்புக்கண்டத்தில் உப்பும் வெயிலும் வேலை செய்கின்றன. இங்கே உப்பே கிடையாது. கறியில் இயல்பாக இருக்கும் நொதிகள் தசைநாரை மெல்ல அறுத்து மிருதுவாக்குகின்றன, ஈரம் வற்றச் சுவை திரள்கிறது, வெளியே கறுத்த ஓடு ஒன்று படிகிறது. அந்த ஓட்டைத்தான் நீங்கள் கண்ணாடி வழியே படமெடுத்து ‘கெட்டுப்போன கறி’ என்று போட்டீர்கள். அதைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் உள்ளிருப்பதை வெட்டுவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. கிலோ 30 டாலர் விலையில் 10 கிலோ துண்டு வாங்கினால் 300 டாலர். நான்கு வாரத்தில் ஈரம் போய் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிவிடும். ஓட்டையும் காய்ந்த கொழுப்பையும் செதுக்க இன்னும் ஒன்றரைக் கிலோ போகும். ஏழு கிலோ சொச்சம் மிஞ்சும். அடுப்பில் வைப்பதற்கு முன்பே கிலோ 40 டாலரைத் தாண்டிவிட்டது. இதோடு ஒரு மாதம் முடங்கிக்கிடக்கும் முதல், 24 மணி நேரமும் ஓடும் குளிர் அறையின் மின்கட்டணம், செதுக்கத் தெரிந்த ஆளின் கூலி. லாபமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ‘ஒரு துண்டு கறிக்கு எதுக்கு இவ்வளவு?’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள் என்கிறோம்.

இந்த அறையில் தப்பு எப்படியெல்லாம் நடக்கும் என்பதைச் சொன்னால், வீட்டு ஃப்ரிட்ஜ் ஏன் உதவாது என்பது விளங்கும். ஈரப்பதம் கூடினால் கறியின் மேல் வழவழப்புப் படியும், பாக்டீரியா பெருகுகிறது என்று அர்த்தம். குறைந்தால் ஓடு சீக்கிரம் இறுகி, செதுக்க வேண்டியது இரட்டிப்பாகும். இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடத்தில் காற்று படாது, அங்கே புளித்த வாடை அடிக்கும். நேற்று வந்த ஈரக் கறியை மூன்று வாரக் கறிக்குப் பக்கத்தில் மாட்டினால் அதன் ஈரம் இதன் ஓட்டை நனைத்துவிடும். காற்றாடி ஒரு நாள் நின்றால் போதும், வரிசையாகத் தூக்கி எறிய வேண்டிவரும்.

உங்கள் செய்முறை வீடியோவில் செய்வது என்ன? கடையில் வெட்டி வாங்கிய ஒற்றை ஸ்டேக்கைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்கள். அதற்குக் கொழுப்புப் போர்வை இல்லை, எலும்பு இல்லை. இரண்டு பக்கமும் செதுக்கினால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சூடு ஏறும். 4 டிகிரிக்கு மேல் போனால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சென்னை வெயிலில் மின்வெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்துத் தட்டிலிருக்கும் மாவு, மோர், குழந்தைக்கு எடுத்துவைத்த சோறு எல்லாவற்றுக்கும் அது ஆபத்து. துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்குப் பாய் விரிக்கிறது. வெள்ளைப் பூஞ்சை நல்லது, பச்சைப் பூஞ்சை கெட்டது என்று நிறம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதைக் கேட்டுச் சாப்பிட்டு ஒருவருக்கு வயிறு கெட்டால் பொறுப்பு யாருடையது? வீட்டில் செய்ய வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று செய்யலாம். ஸ்டேக்கில் உப்புத் தடவி, கம்பித் தட்டில் வைத்து, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் மூடாமல் வையுங்கள், கீழே ஒரு தட்டு இருக்கட்டும். மேற்பரப்பு உலர்ந்து நன்றாகச் சிவக்கும். அதன் பெயர் டிரை ஏஜிங் இல்லை, ஆனால் வேலைக்காகும்.

‘ரத்தம்’ என்பதையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடுகிறது. தட்டில் சிவப்பாக ஓடுவது நீரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும்.  

பீட்டர் லூகரில் ஸ்டேக் செய்யும் முறையையாவது ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு அங்குலம் பக்கம் தடிமனான துண்டு. உப்பு. மேலிருந்து தீ இறங்கும் கேஸ் அடுப்பு, 800 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் சூடு. இரண்டு பக்கமும் கருகச் சிவக்கும்வரை மட்டும் வாட்டுவார்கள், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். வெளியே எடுத்து எலும்பிலிருந்து இரண்டு பக்கக் கறியையும் அறுத்து, குறுக்கே துண்டு போட்டு, எலும்பைச் சுற்றிப் பழைய உருவத்திலேயே தட்டில் அடுக்குவார்கள். வெண்ணெய் விட்டு, தட்டோடு திரும்பத் தீக்குக் கீழே. அதனால்தான் தட்டு சீறிக்கொண்டு வருகிறது. மேசையில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் பெரிய தட்டின் ஒரு முனையைச் சாய்த்து வைப்பார்கள், வெண்ணெயும் கறிச்சாறும் கீழ்முனைக்கு ஓடிச் சேரும். பரிமாறுபவர் அதைக் கரண்டியால் எடுத்துத் துண்டுகள் மேல் விடுவார். ‘தட்டு கோணலா வெச்சிட்டாங்க’ என்று நீங்கள் நிமிர்த்தி வைத்ததைப் பார்த்தோம். சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

இந்த முறையில் குறையும் உண்டு. முதல் வாட்டில் சூடு பற்றாமல் போனால் மேலே ஓடு பிடிக்காது, கறி தன் ஈரத்திலேயே வேகும். வெண்ணெயைத் தெளிய வைக்காமல் தீயில் அதிகம் காட்டினால் அதிலிருக்கும் பால்திப்பி கருகிக் கசக்கும். துண்டு போட்ட பிறகு அதிக நேரம் தீயில் விட்டால் ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகமும் சாம்பல் நிறமாகிவிடும். கொழுப்பு குறைந்த ஃபில்லே பக்கம் முதலில் காயும், ஆகவே அந்தப் பக்கத்தைச் சூடு குறைந்த திசையில் திருப்பி வைக்கத் தெரிந்த ஆள் அடுப்படியில் நிற்க வேண்டும். முக்கியமாக, சூடான தட்டில் துண்டுகளாகக் கிடப்பதால் உங்கள் மேசைக்கு வந்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும். மீடியம் (நடுத்தர வேக்காடு) வேண்டுமென்றால் அதற்கு ஒரு படி கீழான மீடியம் ரேர் என்று கேளுங்கள். படமெடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆக்கிவிட்டு ‘வறண்டுபோச்சு’ என்றால் அடுப்படி என்ன செய்யும்?

‘வெல் டன்’ (முழு வேக்காடு) என்று சொல்லிவிட்டு ‘செருப்பு மாதிரி இருக்கு’ என்று எறிவதுதான் எங்களுக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். மீடியம் ரேர் என்றால் கறியின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸை ஒட்டி, மீடியம் 60-ஐ ஒட்டி, வெல் டன் 70-க்கு மேல். இரண்டு அங்குலத் துண்டின் நடு 70-ஐத் தொடும்போது வெளிப்புறம் அதைவிட எவ்வளவு ஏறியிருக்கும் என்று யோசியுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சிவப்பு பிடிக்காது என்பது நியாயம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் ரிப்-ஐ என்ற விலாப் பகுதி ஸ்டேக்கைக் கேளுங்கள், அதன் கொழுப்பு கூடுதல் வேக்காட்டைத் தாங்கும். பல மணி நேரம் வேகவைத்த ஷார்ட் ரிப் (விலா எலும்புக் கறி) மெனுவில் இருந்தால் இன்னும் நல்லது. அரசின் பரிந்துரை, முழுத் துண்டுக் கறிக்கு 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதற்குக் கீழே போக வேண்டாம் என்று உங்கள் வீடியோவில் சொல்லுங்கள். பீட்டர் லூகரில் மதியம் மட்டும் கிடைக்கும் ஹாம்பர்கருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அரைக்கும்போது மேற்பரப்புக் கிருமி உள்ளே கலந்துவிடுவதால் அதற்கு 71 டிகிரி. இரண்டையும் ‘பிங்க்கா இருந்தாத்தான் டேஸ்ட்’ என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். அது தப்பு, அதுவும் சின்னத் தப்பு இல்லை.

டிப்ஸை ‘கட்டாய வசூல்’ என்று கேலி செய்வதைப் பற்றி: நியூயார்க் நகரில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. ஆனால் உணவகத்தில் பரிமாறுபவருக்கு முதலாளி 11 டாலர் கொடுத்தால் போதுமென்று இருந்தது, மீதி 5.50 டிப்ஸில் வருவதாகச் சட்டமே கணக்கு வைத்துக்கொண்டது. 18, 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம். முறை பிடிக்கவில்லையென்றால் சட்டத்தைத் திட்டுங்கள், மாலை முழுக்க நின்ற ஆளின் முகத்தைப் படமெடுத்துப் போட்டுத் திட்டாதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் இந்தக் கடைகளை விமர்சிக்கவே கூடாது என்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 2019-இல் நியூயார்க் டைம்ஸின் உணவு விமர்சகர் பீட் வெல்ஸ் பீட்டர் லூகருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. 2022-இல் மிஷலின் உணவக வழிகாட்டி கொடுத்திருந்த நட்சத்திரமும் போனது. பழம்பெருமை எந்தக் கடைக்கும் கேடயம் கிடையாது. ஆனால் வெல்ஸ் அந்தக் கடையைப் பல காலமாக அறிந்தவர். கறியில் வாட்டு சீராக இல்லை, வறுவல் சரியில்லை, உபசரிப்பு மரத்துப்போய்விட்டது என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எழுதினார். படித்த அடுப்படிக்காரர் எதைத் திருத்துவது என்று தெரிந்துகொள்ளலாம். கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் இருக்கின்றன: 2021-இல் டோக்கியோ, 2023-இல் லாஸ் வேகஸ் என்று கிளை விரிக்கும் கடை, புரூக்ளினில் குடும்பத்துப் பெண்கள் பார்த்துப் பொறுக்கிய கறியின் தரத்தை அங்கே எப்படிக் காக்கிறது? பல பத்தாண்டுகளாக வெளிக் கிரெடிட் கார்டு வாங்காமல் தன் சொந்தக் கார்டை மட்டும் வைத்திருந்ததால் யாருக்கு லாபம்? இவை நியாயமான கேள்விகள். உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. வீட்டு ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கறி வைக்கச் சொல்லும் வீடியோக்களை இன்றே எடுத்துவிடுங்கள். திருத்தம் போடுவதாகச் சொல்லி வைத்திருக்க வேண்டாம், அவை போக வேண்டும். ‘ரத்தம்’, ‘கெட்டுப்போன கறி’, ‘1887 முதல் ஒரே குடும்பம்’ என்று சொன்ன வீடியோக்களில் திருத்தத்தை முதல் கமெண்டாகப் பின் செய்யுங்கள். விவரக் குறிப்பின் அடியில் ஒளித்து வைத்தால் யாரும் படிப்பதில்லை. பில்லைக் காட்டும்போது அது எத்தனை பேருக்கான தட்டு, என்ன எடை, எந்தப் பதத்தில் கேட்டீர்கள், மேசைக்கு வந்து எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட்டீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். கடை சாப்பாட்டை இலவசமாகக் கொடுத்திருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் விளக்கு மாட்டிப் படமெடுக்காதீர்கள். மதியம் மூன்று மணி வாக்கில் போனால் வெட்டுமேசைக்காரரே நின்று பேசுவார். பரிமாறுபவரிடமும் பக்கத்து மேசைக்காரரிடமும் கேட்காமல் அவர்கள் முகத்தைப் போடாதீர்கள், ஏற்கெனவே போட்டவற்றை மறைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

கடைக்காரரிடம் கேட்கக் கேள்விப் பட்டியல் வேண்டுமென்றால் எழுதித் தருகிறோம். டிரை ஏஜிங் பகுதியைப் பதிவேற்றும் முன் சரிபார்க்க வேண்டுமென்றாலும் பார்த்துத் தருகிறோம். காசு வேண்டாம், வீடியோவில் எங்கள் பெயரும் வேண்டாம்.

இப்படிக்கு,
நியூயார்க், நியூ ஜெர்சி கறிக்கடைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலை செய்யும் தமிழர்கள் சிலர்